யாரும் அப்படிச் சாவதில்லை என்று நீதானே சொன்னாய்

நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டேன். எங்கள் பருப்பு மில் ஆபீசில் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். பக்கத்து மிளகாய் வத்தல் குடோனில் மூட்டை பிரித்திருந்தார்கள். நெடி தாங்காமல் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு தன் கண்ணீரையும் கலந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் முத்துலட்சுமி.

"கடைசி அரை மணி நேரம் இருக்கே, அழுது அழுது மூஞ்சி வீங்கிப் போச்சுக்கா. என்ன பொம்பளைக்கா அவ! அம்புட்டு நோயையும் உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு, புருசனுக்கு ஒரு வார்த்தை தெரியாமப் பாத்துக்கிட்டாளே!"

"அவ பெரிய முட்டாள்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. சின்னப் பெண் அவள். முகம் செத்துப் போய்விட்டது. எழுந்து போய்க் கை கழுவினேன்.

அது நாம் மூன்று பேரும் சேர்ந்து தியேட்டரில் பார்த்த படம். உனக்கு நினைவிருக்கும் என்று எழுத வருகிறது கை. அன்புள்ள என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாரும் உன்னை நினைத்து அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் உன்னைத் திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது. அதைச் செய்வதற்கு உயிரோடிருக்கும் தோழி நான் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம் மூவரும். நீ நர்ஸ் படிப்புக்குப் போனாய். நான் மில்லில் கணக்கெழுத வந்தேன். ராஜி தையல் கடை போட்டாள். கல்யாணம், பிள்ளை, மாமியார் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு போனாலும், புதுப் படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு மூன்று பேரும் வந்துவிட வேண்டும். அது நீ போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் போட்டிருந்தாய். படம் விட்டு வெளியே வந்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நேரே பரோட்டா கடைக்குப் போய், மாடியில் குடும்பங்களுக்கான அறையில் உட்கார்ந்து, எண்ணெய் பரோட்டா இலைக்கு வந்த பிறகுதான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

"பசியில சொல்ற அபிப்பிராயம் நிக்காதுடி. வயித்துக்குள்ள ஏதாச்சும் போகட்டும், அப்புறம் வெட்டுவோம்" என்பாய்.

ராஜிக்கு எல்லாப் படமும் பிடிக்கும். டைட்டில் ஓடும்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவாள். எனக்குப் பாட்டு நன்றாக இருந்தால் போதும். நீதான் வெட்டுபவள். சிவகாசி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பார்த்து, படத்தைக்கூடப் பெட்டில் கிடக்கும் நோயாளியைப் போலத்தான் நீ பார்த்தாய். "இடைவேளையிலயே உயிர் போயிருச்சு. ரெண்டாம் பாதி முழுக்க வெறும் பாடிய வச்சுக்கிட்டு அழுதுருக்கான்" என்பாய். நம்ம பக்கத்துக் கதை என்று சொல்லி வரும் படங்கள் என்றால் உனக்கு இன்னும் கொண்டாட்டம். "எல்லா வசனத்துக்கும் பின்னாடி ஒரு 'லே' ஒட்டிட்டா நம்ம ஊராயிருமா? எங்க அப்பா சாமிகிட்ட ஜெபம் பண்ணும்போதும் 'லே' போட்டா பண்ணுனாரு?" என்று நீ கேட்டபோது, பரிமாற வந்தவர் சால்னா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சாவுக் காட்சி வந்தால் மட்டும் உன் சிரிப்பு நின்றுவிடும். பட்டாசுக் கம்பெனிகளில் விபத்து என்றால் உன் வார்டுக்குத்தான் முதலில் கொண்டுவருவார்கள். படத்தில் கதாநாயகன் நெருப்புக்குள்ளிருந்து கன்னத்தில் கொஞ்சம் கரியோடு வெளியே வந்து, அம்மா மடியில் படுத்து வசனம் பேசிவிட்டுக் கண்ணை மூடினால், நீ பல்லைக் கடிப்பாய்.

"யாரும் அப்படிச் சாகுறதில்லடி. தண்ணி கேப்பாக. பெத்தவளத் தேடுவாக. கத்துவாக. கத்த முடியாதவுக நம்ம கைய இறுக்கிப் பிடிச்சுக்குவாக. அத எவனும் எடுக்க மாட்டான். எடுத்தா எவனும் பாக்க மாட்டான்."

ஒரு தடவை உன்னைக் கூப்பிட ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தேன். முழங்கைக்குக் கீழே வெந்துபோயிருந்த புண்ணைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீசன் நேரம், லீவு போட்டால் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் புண்ணோடு வேலைக்குப் போயிருக்கிறாள். நீ அவளைத் திட்டியது காரிடார் முழுவதும் கேட்டது. "வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்னம்மா வெக்கம்? வாய் எதுக்கு இருக்கு?" திட்டிக்கொண்டே அவளுக்கு மருந்து போட்டாய். நீ மருந்து போட்டு முடிக்கும் வரை அந்தப் பெண் அழவில்லை. நீ அவள் தலையைத் தடவிய பிறகுதான் அழுதாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை என்று சொல்வதற்காகத்தான். நீ தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். புருஷன் தொழிலில் ஜெயிக்கும்வரை தன் நோயை மறைத்து வைத்துக்கொள்ளும் மனைவியின் கதை. கடைசியில் வெள்ளைச் சேலை, மழை, அவன் மடி, ஒரு நீளமான பாட்டு. பாட்டு முடிந்தும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நீ மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாய். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சாவுல போய் சிரிக்கீகளே?"

"சாகப் போறவ இம்புட்டுப் பேசுவாளா அண்ணே? ஆக்சிஜன் குடுத்தாக்கூட முடியாது" என்றாய். அவரும் சிரித்துவிட்டார்.

பரோட்டா இலைக்கு வந்ததும் ராஜியைத்தான் முதலில் பிடித்தாய்.

"எதுக்குடி அழுத? அவ செத்ததுக்கா, சொல்லாமச் செத்ததுக்கா?"

"சொல்லாமச் செத்ததுக்குத்தான். எம்புட்டுப் பெரிய மனசு!"

"பெரிய மனசு இல்லடி, பெரிய அகம்பாவம். இந்த வீட்டுல என்னையத் தவிர எவருக்கும் தாங்குற சக்தி கிடையாதுன்னு நெனைக்கிற அகம்பாவம். அவ சொல்லியிருந்தா அந்த ஆளு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பான். பாதிப் படத்துலயே பொழைச்சிருப்பா. டைரக்டருக்குத்தான் படம் இருந்திருக்காது."

நான் கைதட்டினேன். ராஜி கோபித்துக்கொண்டு இன்னொரு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டாள். நீ அப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தாய். உன் வாழ்நாளிலேயே நீ ஒரு படத்தை அவ்வளவு வெட்டிப் பேசியதில்லை.

அடுத்த தை மாதம் பெர்சிக்குக் கல்யாணம். உன் ஒரே மகள். மாப்பிள்ளை காரியாபட்டி, நல்ல குடும்பம், சொந்தமாக உரக்கடை. சர்ச்சில் நீ பட்டுச்சேலையில் நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. மெலிந்திருந்தாய். "மக கல்யாணம்னா தாய் மெலியத்தான் செய்வா" என்று ராஜி சொன்னாள். வந்தவர்களை நீதான் வாசலில் நின்று வரவேற்றாய், பந்தியிலும் நீதான் நின்றாய். "உக்காருடி" என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டபோது, "பெத்தவ உக்காந்தா கல்யாணம் யாரு நடத்துறது?" என்றாய். உன் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்று நம்மைப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனிக்கு வடக்கே போய் ஆர்டர் பிடித்துவரும் மனிதர். ஊர் ஊராகப் பேசிப் பழகியவர். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

பங்குனியில் நீ வார்டிலேயே மயங்கி விழுந்தாய். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நானும் ராஜியும் போய்ச் சேர்ந்தபோது, உன் வீட்டுக்காரர் காரிடார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மார்பில் கட்டி, முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றார். சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இருந்தது, அதிர்ச்சி இல்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை.

ராஜி அழுதுகொண்டே வெளியே போன பிறகு நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உன்னைக் கேட்டேன்.

"எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாள்னா?"

நீ ஜன்னலைப் பார்த்தாய்.

"அந்தப் படம் பாத்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எப்படிடி அப்படிப் பேசுன? அகம்பாவம்னு சொன்னியே, பாதிப் படத்துலயே பொழைச்சிருப்பான்னியே!"

"படத்தப் பத்திதானேடி பேசுனேன்" என்றாய்.

அந்தப் பதிலை நான் எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன் தெரியுமா? எங்களை ஏமாற்றினாயா, இல்லை உன்னையே திட்டிக்கொண்டாயா? எங்களில் யாராவது உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று அத்தனை சத்தமாகப் பேசினாயா? சாகிற நேரத்திலும் ஒரு நேரான பதில் உன்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம் காரணத்தைச் சொன்னாய். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்பார்கள், நிச்சயமான கல்யாணம் நின்றால் பெர்சி தாங்க மாட்டாள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். கல்யாணம் முடியட்டும்னேன். அவர் சரின்னுட்டார்."

சரின்னுட்டார்! நான் காரிடாருக்குப் போய் உன் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். "அவதான் பைத்தியக்காரத்தனமாச் சொன்னா, நீங்க எப்படிண்ணே சரின்னீக?"

"அவ பிடிவாதமாச் சொன்னா தங்கச்சி. நான் என்னைக்கு அவ பேச்சத் தட்டியிருக்கேன்?"

நைட் டியூட்டி வேண்டாம், உடம்பு முடியவில்லை என்று நீ சொன்னபோது அவர் கேட்டதில்லை. குடித்தனத்தைச் சிவகாசிக்கே மாற்றிவிட்டால் பஸ் அலைச்சல் மிச்சம் என்றாய், கேட்டதில்லை. படத்துக்கு ஒரு நாளாவது கூட வாருங்கள் என்றாய், கேட்டதில்லை. உன் பேச்சைத் தட்டாமல் அவர் கேட்டது வாழ்க்கையிலேயே இந்த ஒன்றைத்தான். அவருக்குச் செலவில்லாத பேச்சு, அலைச்சல் இல்லாத பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அறிவாய், ஆனால் நான் சொல்லத்தான் போகிறேன். வலி வந்தபோது நீ கத்தினாய். ஊசி போட்டும் அடங்கவில்லை. மில்லில் லீவு சொல்லிவிட்டு நான் உன் பக்கத்தில் இருந்தேன். ராஜியால் உள்ளே நிற்க முடியவில்லை, சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வராந்தாவிலேயே நிற்பாள். ஒரு மத்தியானம் என் கையை நீ கடித்துவிட்டாய். விட்டதும் "வலிக்குதா?" என்று கேட்டாய், நர்ஸ் கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். "எனக்கும்டி" என்றாய். அதைத்தான், அந்த ஒரு சொல்லைத்தான், வருஷம் முழுக்க நீ சொல்லியிருக்க வேண்டும்.

பெர்சியைத் தேடினாய். உன் வீட்டுக்காரரின் அண்ணன், பெரிய மனிதர், "புதுசாக் கல்யாணமான புள்ள, இதெல்லாம் பாக்க வேண்டாம்" என்று தீர்மானம் செய்துவிட்டார். முதுகுவலி, பெட் ரெஸ்ட் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் வந்த அன்றெல்லாம் ஊசி போட்டு, தலை சீவி, பவுடர் பூசி உன்னைப் படுக்க வைத்தார்கள். நீயும் சிரித்தாய். படம் காட்டினாய். அவள் போன பிறகு அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினாய். பொறுக்க முடியாமல் நான்தான் அவளுக்குப் போன் போட்டு, "உடனே வா" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு திரும்பவே இல்லை.

அடக்கம் முடிந்து, உன் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் மாலை போட்ட உன் படம். போதகர் வசனம் வாசித்த பிறகு, உன் வீட்டுக்காரரின் அண்ணன் எழுந்து பேசினார். உன் பொறுமையைப் பற்றிப் பேசினார். மெழுகுவர்த்தி என்றார். பிறருக்காக உருகினாள் என்றார். பிறகு உன் வீட்டுக்காரர் எழுந்தார்.

"கடைசி வரைக்கும் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. யாருக்கும் ஒரு கஷ்டம் குடுக்கல. சிரிச்ச முகமாப் போயிட்டா."

கூட்டம் விம்மியது. என் பக்கத்தில் ராஜி விம்மினாள். அந்தத் தியேட்டரில் கேட்ட அதே மூக்குறிஞ்சும் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தப் படத்தை நீ பரோட்டா இலையில் போட்டுப் பிய்த்தாயோ, அதே படத்தில் உன்னையே நடிக்க வைத்துவிட்டார்கள். எதிர்த்துப் பேச நீ இல்லை.

"தோழிகள் யாராவது ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" என்றார் போதகர். நான் எழுந்தேன். ராஜி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். "இவளும் நானும் சேந்து படம் பாப்போம். படம் பாத்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லுவா. இங்கன எல்லாரும் சொன்னதக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவ இல்ல. அவ வலிக்குதுன்னு சொன்னா. பக்கத்துப் பெட்டுக்காரக எந்திரிச்சு உக்காருற அளவுக்குக் கத்துனா. என் கையக் கடிச்சா. பெத்த மகளத் தேடித் தேடிக் கூப்பிட்டா. சிரிச்ச முகமா ஒண்ணும் அவ போகல. கல்யாணம் முடியட்டும்னு அவ சொன்னப்ப, வாய மூடு, கெளம்பு ஆஸ்பத்திரிக்குன்னு சொல்ல வேண்டியவுக சரின்னுட்டாக. பொறுமை பொறுமைங்கிறீகளே, அந்தப் பொறுமைதான் அவளக் கொன்னுச்சு. அதுக்கு மாலை போடாதீக."

உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அண்ணன்தான் எழுந்தார். "துக்க வீட்டுல வந்து பேசுற பேச்சா இது? யாரும்மா இந்தம்மாவ உள்ள விட்டது?" முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெர்சி மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜி என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தெருவில் நின்று நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். உனக்காகத்தான்.

"செத்தவள அழகா நெனச்சுக்கிட்டாத்தான் என்னடி? உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள்.

"நீயும்தான் வராந்தாவுல நின்ன. நீ கேக்கலையா அவ கத்துனத?"

"கேட்டேன். அதான்டி. அத மறக்கணும்னு நெனைக்கேன். நீ மைக்கப் பிடிச்சுத் திரும்பக் கேக்க வைக்கிற."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை. நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். படத்துக்குப் போவதில்லை. கூப்பிட அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன மாதம் பெர்சி என்னைத் தேடி மில்லுக்கு வந்தாள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவள், அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டாள். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தோம். உன் நெற்றி அவளுக்கு. கோபம் வந்தால் சுருங்குவதும் அப்படியே.

"அம்மா நெசமாவே என்னையத் தேடுனாங்களா சித்தி?"

"தேடுனா."

"கத்துனாங்களா?"

"கத்துனா. உன் பேரச் சொல்லித்தான்."

டீ கிளாசைத் தள்ளி வைத்தாள். பிறகு, "வீட்டுல எல்லாரும் அம்மா நிம்மதியாப் போனாங்கன்னே சொல்றாங்க. அப்படின்னா என்னையத் தேடாமயே போயிட்டாங்களான்னு நெனச்சு நெனச்சு தூக்கமே இல்ல சித்தி" என்றாள். கேட்டாயா? உன்னை அழகாக்க அவர்கள் சொன்ன பொய், உன் மகளைத்தான் அறுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன்மேல் இருக்கிற ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஜெபக்கூட்டத்தில் நான் பேசியதெல்லாம் அவள் மாமியாரின் காதிலும் விழுந்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போனதும் பெர்சியை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். "ஏம்மா, எங்களுக்குப் பயந்தா உங்கம்மா மறைச்சாக? எங்க கூடப்பொறந்த அக்காவுக்கும் இதே நோவுதான். ஆபரேசன் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து, இன்னைக்கும் ஆடு மேய்க்கிறா. சொல்லியிருந்தா நாங்களே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்போமே."

இப்போது சொல்வது எளிது என்று நீ சொல்வாய். இருக்கலாம். அன்றைக்கு அந்தம்மா வேறு மாதிரிகூடப் பேசியிருக்கலாம். ஆனால் நீ கேட்டுப் பார்க்கவே இல்லையே! எதிரில் இருப்பவர் என்ன வசனம் பேசுவார் என்பதையும் நீயே எழுதிக்கொண்டு, அதற்குப் பயந்து நீயே செத்தும் போனாய். இதைத்தானே அகம்பாவம் என்றாய்?

டீக்காசை நான் கொடுக்கப் போனபோது பெர்சி தடுத்தாள். "எனக்கும் ஒரு தடவ சோதிச்சுப் பாத்துரலாம்னு அத்தை சொல்றாங்க. நீங்க கூட வருவீங்களா சித்தி?"

போன வாரம் போனோம். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கூட்டம். மாமியாரும் வந்திருந்தார். பையில் இட்லி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெர்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். ரெண்டு எட்டு வைத்தவள் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மெதுவாகக்கூட இல்லை. கூடமே கேட்கும்படி, எல்லாரையும் வைத்துக்கொண்டு, அப்படியே சொன்னாள்.

மாமியார் பையைப் பெஞ்சில் போட்டுவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். ஒருவர்தான் கூட வரலாம் என்றாள் வாசலில் நின்ற பெண். "ரெண்டு பேரும்தான் வருவோம், நீ தள்ளும்மா" என்றார் அந்தம்மா. வாசல் பெண் விலகிக்கொண்டாள். இருபுறமும் நாங்கள் பெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வருஷா வருஷம் நான் கூடப் போவேன்.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆற்றிக்கொள் என்கிறார்கள். ஆற்றிக்கொள்ள மாட்டேன். சோர்ந்த முகத்தோடு எந்தப் பெண் எதிரில் வந்தாலும் இப்போதெல்லாம் நிறுத்தி, "என்ன செய்யுது உனக்கு? சொல்லு" என்று கேட்கிறேன். மரியாதைக்குக் கேட்பதில்லை, அதட்டிக் கேட்கிறேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் விடுவதில்லை. அவர்களிடம் அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் குரல் ஏன் இவ்வளவு உயர்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்வி உனக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.